சோறு சிந்தட்டும்

வீட்டில் பால்மரம் சீவிய பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கத்தி பட்டைக்குள் எவ்வளவு ஆழம் போகவேண்டும்? பெரும்பாலானவர்கள் எண்ணில் பதில் சொல்லமாட்டார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கிட்டக் கொண்டுவந்து, நடுவில் ஒரு நூல் இடைவெளி விட்டுக் காட்டுவார்கள். கொஞ்சம் வற்புறுத்தினால், "அது கைக்குத் தெரியும்" என்பார்கள்.

எண் இருக்கத்தான் செய்கிறது. ரப்பர் மரத்தின் பட்டையில் பால் ஓடும் நுண்குழாய்கள் உள்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. கத்தி அந்தப் படலத்தைத் தொடக்கூடாது. அதற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முன்பாக நின்றுவிட வேண்டும். அதற்கும் முன்பே நின்றால் மங்கில் பால் குறையும். தாண்டிப் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சீவிய பட்டை மீண்டும் வளர்ந்து வெட்டுக்குத் தயாராகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இன்று ஒருவர் கை தவறிப் போட்ட காயத்தை என்றோ ஒருநாள் வேறொருவர் கத்தி சந்திக்கும்.

ஆழம் மட்டுமல்ல. ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டையின் கனமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும். தடித்துச் சீவினால் மரத்தின் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும். வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியவேண்டும். பால் குழாய்கள் நேர்க்குத்தாக இல்லாமல் மூன்று நான்கு பாகை சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இத்தனையும் வெயில் ஏறுவதற்கு முன்னால், விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில். ஒரு மரம் அல்ல, இரண்டு மரம் அல்ல. ஒரு நாளைக்குச் சுமார் 500 மரங்கள்.

பேராக் மண்ணில் ரப்பர் வேர் பிடித்தது 1877-ஆம் ஆண்டு, கோலகங்சாரில். அப்போது நட்ட கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் அங்கே நிற்கிறது. மரத்தைச் சாகடிக்காமல், ஒரே வெட்டை மறுபடி மறுபடி மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் வகுத்தவர் ஹென்ரி ரிட்லி. அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த முறையை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் தினமும் செய்துகாட்டிய நம்மவர்களைக் 'கூலி' என்றுதான் கணக்கில் எழுதினார்கள். திறன் இல்லாத வேலையாம். அந்த வேலையில் கையும் மூளையும் என்ன பேசிக்கொண்டன என்று தெரிந்தால், அப்படி எழுதியவர்கள் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள்.

புதியவர்களை எப்படிப் பழக்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் நல்ல மரத்தைக் கொடுக்கமாட்டார்கள். சாய்க்கப்போகும் கிழட்டு மரத்தில் சீவவிடுவார்கள். அதில் எத்தனை காயம் பட்டாலும் தோட்டத்துக்கு நட்டமில்லை. பக்கத்தில் அம்மாவோ அத்தையோ நின்று பார்ப்பார்கள். "ஆழம் போவுது", "மேல நிக்குது" என்பதற்குமேல் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சொல்லி விளங்கவைக்கக் கூடியது அல்ல அது. கத்தி பட்டையில் வழுக்கிக்கொண்டு போவதும், கட்டையை நெருங்கும்போது சட்டென்று இறுகுவதும் சீவுகிறவர் கைக்கு மட்டும்தான் தெரியும். பத்துக் காயம், நூறு காயம் போட்டபிறகு, கை தானாகவே அந்த இறுக்கத்துக்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொள்ளும்.

'முன்னால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கண் பார்த்த செய்தியோ தோல் உணர்ந்த செய்தியோ மூளைக்குப் போய், அங்கிருந்து கட்டளையாகத் திரும்பிவந்து கையை மாற்றுவதற்குப் பத்தில் ஒரு விநாடியும் அதற்கு மேலும் ஆகிவிடும். ஓடுகிற கத்திக்கு அது மிக நீண்ட நேரம். கட்டையைத் தொட்டுவிட்டோம் என்று தெரிந்துகொண்டு நிறுத்தினால், காயம் ஏற்கெனவே பட்டிருக்கும். அதனால் மூளை செய்தி வரும்வரை காத்திருப்பதில்லை. கைக்குக் கட்டளை அனுப்பும்போதே, "இப்படி அசைத்தால் இப்படித்தான் உணரப்போகிறோம்" என்று ஒரு கணிப்பையும் போட்டுவைக்கிறது. பிறகு உண்மையில் உணர்ந்ததை அந்தக் கணிப்போடு வைத்துப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் பேச்சில்லை. ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசம்தான் பாடம். அடுத்த வெட்டுக்கான கட்டளை அந்த அளவுக்குத் திருத்தப்படுகிறது.

தண்ணீர் நிறைந்திருக்கும் என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கியிருக்கிறீர்களா? கை தோள்வரை எகிறும். வாளி தன் உண்மையான எடையைச் சொல்வதற்கு முன்பே, கைக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று உள்ளே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அந்த 'யாரோ' பெரும்பாலும் பிடரிக்கு மேலே, தலையின் பின்பக்கம் அடங்கியிருக்கும் சிறுமூளை. பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். மனித மூளையில் சுமார் 86 பில்லியன் நரம்பணுக்கள் இருப்பதாக 2009-ஆம் ஆண்டு பிரேசில் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். அவற்றில் ஏறக்குறைய 69 பில்லியன் சிறுமூளையில்தான் இருக்கின்றன. இடமோ மூளையில் பத்தில் ஒரு பங்குதான்.

அங்கே விசிறி விரித்ததுபோல் கிளைகளோடு நிற்கும் ஒருவகை அணுக்களுக்குப் புர்கின்ஜே அணுக்கள் என்று பெயர். ஒவ்வோர் அணுவுக்கும் இலட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் வழியாக உடம்பின் நிலவரம் வந்துகொண்டே இருக்கும்: கை எங்கே, தோள் எப்படி, கால் எதில் ஊன்றியிருக்கிறது. அதோடு, மூளைத்தண்டிலிருந்து ஒரே ஒரு தடித்த இழை அந்த அணுவைக் கொடிபோல் சுற்றி ஏறும். சாதாரணமாக அது விநாடிக்கு ஒருமுறை போலத்தான் பேசும். கணிப்பு தவறும்போது அது அழுத்திப் பேசுகிறது, அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்த மெல்லிய இணைப்புகள் தளர்த்தப்படுகின்றன என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இப்படித்தான் இருக்கவேண்டும் என்று 1969-இல் இங்கிலாந்தின் டேவிட் மார், 1971-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆல்பஸ் இருவரும் தாளில் எழுதிக் காட்டினார்கள். 1982-இல் ஜப்பானின் மசாவோ இதோ, இணைப்பு தளர்வதை ஆய்வுக்கூடத்திலேயே காட்டினார். பெரட்டில் கங்காணி எல்லாரையும் திட்டுவது ஒன்று, தவறிய ஆளை மட்டும் பார்த்துத் தோளில் தட்டுவது ஒன்று. அந்தத் தடித்த இழை இரண்டாவது வகைக் கங்காணி.

இந்தத் திருத்தத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். 1994-ஆம் ஆண்டு எம்.ஐ.டி.யில் ரேசா ஷாட்மேரும் ஃபெர்டினாண்டோ முசா-இவால்டியும், ஒரு ரோபோக் கையின் பிடியை மக்களிடம் கொடுத்து, திரையில் தெரியும் புள்ளிக்கு நேராக நகர்த்தச் சொன்னார்கள். நகர்த்தும்போது ரோபோ பக்கவாட்டில் தள்ளும். முதலில் எல்லார் கோடும் வளைந்துபோனது. சில நூறு முறைக்குப்பின் கோடு நேராகிவிட்டது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தள்ளுவதை நிறுத்தினார்கள். கோடு எதிர்ப்பக்கம் வளைந்தது! இல்லாத தள்ளுதலுக்குக் கை இன்னமும் ஈடுகொடுத்துக்கொண்டிருந்தது. கப்பலில் பல நாள் இருந்தவர் தரையில் இறங்கியதும் தள்ளாடுவாரே, அதே கதை.

இன்னொரு பரிசோதனை 1963-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் இருவரும் செய்தது. ராட்டினம் போன்ற ஒரு கருவி. ஒரு முனையில் ஒரு பூனைக்குட்டி தன் காலால் நடந்து சுற்றும். மறுமுனையில் கூடையில் உட்கார்ந்த இன்னொரு குட்டி, முதல் குட்டி போகும் போக்கிலேயே சுற்றிவரும். இரண்டும் பார்ப்பது ஒரே காட்சி. மற்ற நேரமெல்லாம் இருட்டில்தான் வளர்ந்தன. கடைசியில் இரண்டையும் ஒரு பரப்பை நோக்கி மெல்ல இறக்கிப் பார்த்தார்கள். நடந்த குட்டி பரப்பு நெருங்கியதும் காலை நீட்டியது. கூடையில் வந்த குட்டி நீட்டவில்லை. கண்ணில் குறையில்லை, காலிலும் குறையில்லை. தன் அசைவால் காட்சி மாறுகிறது என்ற அனுபவம் மட்டும்தான் அதற்குக் கிடைக்கவில்லை. பிறகு அதையும் தானாக நடமாடவிட்டபோது தேறிவிட்டது. காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும் கண்ணாடி போட்ட மனிதர்களிடமும் ஹெல்ட் இதையே பார்த்தார். தானே கையை அசைத்தவர்கள் சரிசெய்துகொண்டார்கள். பிறர் பிடித்து அசைத்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் கூடைப் பூனையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஆசையா? ஒரு தாளில் நட்சத்திரம் வரையுங்கள். கையையும் தாளையும் நேராகப் பார்க்கமுடியாதபடி ஓர் அட்டையால் மறைத்து, எதிரே வைத்த முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்து, நட்சத்திரத்தின் கோட்டின்மேலேயே பென்சிலை ஓட்டுங்கள். முதல் முறை பிள்ளைகள் சிரித்து உருளுவார்கள். பத்தாவது முறை ஒழுங்காகும். அமெரிக்காவில் ஹென்ரி மொலேசன் என்பவருக்கு வலிப்புநோய்க்காக 1953-இல் செய்த மூளை அறுவைக்குப் பிறகு, புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போனது. அவரிடம் இந்தக் கண்ணாடி நட்சத்திரத்தைக் கொடுத்துப் பார்த்தார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். மூன்றாம் நாள் மொலேசன் நன்றாக வரைந்தார். முன்பு வரைந்த நினைவே அவருக்கு இல்லை. 'அது கைக்குத் தெரியும்' என்று நம் பெரியவர்கள் சொல்வது சும்மா பேச்சுக்காக அல்ல.

என் தொழிலுக்கும் இது பொருந்தும் என்பதால் ஒரு வார்த்தை. நாக்கும் உதடும் அசைவதும் உடல் அசைவுதானே. நாம் பேசும்போது நம் குரலை நாமே கேட்டு, நம்மை அறியாமல் திருத்திக்கொண்டே போகிறோம். அந்தக் குரல் ஐந்தில் ஒரு விநாடி பிந்திக் காதில் விழுந்தால், சரளமாகப் பேசுகிறவருக்கும் நாக்குக் குழறும். 1950-இல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் எழுதிவைத்த விஷயம் இது. தொலைபேசியில் வருகிற நேயரிடம், "உங்க ரேடியோ சத்தத்தக் கொஞ்சம் கொறச்சிடுங்க" என்று நாங்கள் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கூடைப் பூனைக்கு வருவோம்.

சிலிபினில் லூர்து மாதா தேவாலயத்தைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. தோட்டம் துண்டாடப்பட்டபோது வந்தவர்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வந்தவர்கள், பிள்ளைகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்து அவர்களோடு வந்தவர்கள். அவர்களில் ஒரு தாத்தா. சுங்கை சிப்புட் பக்கம் முப்பது ஆண்டுக்குமேல் மரம் சீவியவர். சென்ற ஆண்டு ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இப்போது தடி ஊன்றி நடக்கிறார். வலது கை தூக்கினால் நெஞ்சு உயரம் வரும், விரல்கள் மடங்கும், ஆனால் நடுக்கம். நான் போனபோது பாட்டி அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு கையால சாப்ட்டா பாதி கீழ போவுதும்மா. பாக்க மனசு கேக்கல. நானே ஊட்டிட்டா பத்து நிமிசத்துல முடிஞ்சிரும்," என்றார் பாட்டி.

தாத்தா சொன்னது ஒன்றுதான்: "பச்சப் புள்ள ஆக்கிட்டா."

பாட்டியைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை. நம் வீடுகளில் பாசம் என்றால் அப்படித்தான். படுத்தவரை எழவிடமாட்டோம், தட்டைக் கையில் தரமாட்டோம், சட்டைப் பொத்தானை நாமே போட்டுவிடுவோம். அப்பா தடுமாறுவதை வந்தவர்கள் பார்த்தால் மரியாதைக் குறைவு என்றும் ஒரு நினைப்பு. ஆனால் அன்போடு செய்யும் இந்தக் காரியம் அவரைக் கூடையில் உட்காரவைக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஒன்றைக் கண்டார். ஒரு கையின் உணர்வு நரம்பை அறுத்துவிட்டால் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அசைக்கவே முடியாததால் அல்ல. தொடக்கத்தில் பலமுறை முயன்று தோற்று, இந்தக் கை உதவாது என்று கற்றுக்கொண்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிவைத்தபோது, உதவாது என்று விட்ட கை வேலைக்கு வந்தது. அந்த ஆய்வுகளில் குரங்குகள் பட்ட பாட்டைப் பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்தது, அது வேறு கதை. இதிலிருந்து மனிதர்களுக்கு ஒரு பயிற்சி பிறந்தது. ஸ்ட்ரோக் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பாதித்த கையாலேயே எல்லாம் செய்யவேண்டும். இரண்டு வாரம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கை தெளிவாகத் தேறியது, ஓராண்டுக்குப் பிறகும் அந்தத் தேர்ச்சி நின்றது. ஒன்றைச் சேர்த்தே சொல்லவேண்டும்: மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது அசைந்தவர்களைத்தான் இதில் சேர்த்தார்கள். அசைவே இல்லாத கைக்கு இது பொருந்தாது. வீட்டில் நாமாக யார் கையையும் கட்டிப்போடவும் கூடாது.

அசைவே இல்லாதவர்களுக்குக் கண்ணாடி இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் சான் டியேகோவில் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிப்பதைக் குறைக்க 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். 1999-இல் அவரும் மற்றவர்களும் ஒன்பது ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் அதே கண்ணாடியை வைத்துப் பார்த்தார்கள். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் பலன் இருப்பதாகவே தெரிந்தது. கட்டளை போகிறது, கை அசைவதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. மூளை அந்தப் பாதையை அடியோடு கைவிடாமலிருக்க அது உதவுவதாக நம்புகிறார்கள்.

பெரும்பாலான ஸ்ட்ரோக்கில் சேதம் பெருமூளைப் பக்கம்தான். சிறுமூளை தப்பிவிடுகிறது. அதாவது, தவற்றைப் பார்த்துத் திருத்தும் கங்காணி உள்ளே உயிரோடுதான் இருக்கிறார். பால்டிமோர் நகரில் ஏமி பாஸ்டியனும் குழுவினரும் 2007-இல் இதை அழகாகக் காட்டினார்கள். இடது காலுக்கு ஒரு வேகம், வலது காலுக்கு ஒரு வேகம் என்று இரண்டு பட்டைகள் ஓடும் நடைப்பயிற்சி எந்திரம். ஸ்ட்ரோக் வந்து ஒரு கால் குட்டையாக எட்டு வைப்பவரை அதில் ஏற்றி, அந்தக் கோணலை வேண்டுமென்றே இன்னும் அதிகமாக்கினார்கள். தவறு பெரிதானதும் மூளை விழித்துக்கொண்டு திருத்தியது. இரண்டு பட்டையையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தபோது நடை முன்பைவிடச் சமமாக இருந்தது. அந்தச் சமநடை கொஞ்ச நேரம்தான் நின்றது, உண்மைதான். வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தபோது சிலருக்கு நிலைத்தது.

திரும்பத் திரும்ப என்றால் எத்தனை முறை? இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கணக்கு உறுத்துகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 பிசியோ பயிற்சி நேரங்களைக் கவனித்து எண்ணி 2009-இல் வெளியிட்டார்கள். கைக்கு வேலை கொடுத்த பயிற்சிகளில், ஒரு தடவைக்குப் பயனுள்ள அசைவு சராசரி 32. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. நம் தாத்தா ஒரு காலையில் 500 மரம் சீவினார், ஒரு மரத்துக்குப் பல இழுப்பு. அவர் கை கற்றது அந்த எண்ணிக்கையில். இப்போது வாரத்துக்கு ஒருநாள் மருத்துவமனையில் 32 அசைவு, மீதி ஆறு நாள் பாட்டி ஊட்டும் சோறு. மூளைக்குத் திறமை இல்லை என்றா சொல்வது?

நமக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஈப்போ மேரு ராயாவில், சிலிபினிலிருந்து வெகுதூரம் இல்லை, பெர்கேசோ ரோபோக்களைக் கொண்டு பயிற்சி தரும் நரம்பியல் மறுவாழ்வு மையத்தைக் கட்டியிருக்கிறது. பெர்கேசோ சந்தாதாரர்கள் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் தகுதி உண்டா என்று கட்டாயம் விசாரியுங்கள், படிவத்தைப் பார்த்து மலைக்கவேண்டாம். ரோபோ களைக்காது, நூற்றுக்கணக்கில் அசையவைக்கும் என்பது அதன் பெருமை. ஆனால் அந்த எந்திரத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ரோபோவே கையைத் தூக்கிக்கொண்டு போனால், நோயாளி தன் பங்கைக் குறைத்துக்கொள்வதைப் பொறியியலாளர்கள் கவனித்தார்கள். அதனால் அவர் முயன்று முடியாத இடத்தில் மட்டும், முடியாத அளவுக்கு மட்டும் உதவும்படி அதை அமைக்கிறார்கள். 2010-இல் அமெரிக்க முன்னாள் இராணுவத்தினர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், ரோபோ தந்த பலனும், அதே தீவிரத்தோடு சிகிச்சையாளர் நேரில் தந்த பயிற்சியின் பலனும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. எந்திரத்தில் மந்திரமில்லை. எண்ணிக்கைதான், அதுவும் அவரே அசைத்த எண்ணிக்கை.

ஆகவே சமையலறையிலும் அந்த எண்ணிக்கையைக் கூட்டலாம். முதலில் ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும், சோறு மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. விழுங்குவதைச் சோதித்து, என்ன பதத்தில் சாப்பிடலாம் என்று மருத்துவமனையில் சொன்னபிறகுதான் தட்டைக் கொடுக்கவேண்டும். தோள் வலித்தாலும் பிசியோவைக் கேட்காமல் இழுக்கக்கூடாது. அதற்குப் பிறகு: விளிம்பு உயர்ந்த தட்டு, தட்டு நகராதபடி அடியில் ஓர் ஈரத் துணி, பிடி தடித்த கரண்டி. கரண்டிப் பிடியில் பழைய துணியைச் சுற்றினாலும் போதும். பசி அதிகமாவதற்கு முன் உட்காரவையுங்கள். முதல் பத்து வாய் அவர் கையால், களைத்தபின் மீதியை ஊட்டுங்கள். அடுத்த வாரம் பதினைந்து வாய். பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, வெங்காயத் தோல் நீக்குவது எல்லாம் கணக்கில் சேரும். பத்து நிமிடச் சாப்பாடு நாற்பது நிமிடம் ஆகும், வேலைக்குப் போகிற மருமகளுக்கு அது எவ்வளவு சிரமம் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று வேளையும் முடியாவிட்டால் ஒரு வேளை. பேரப்பிள்ளைகள் எண்ணட்டும், அவர்களுக்கு எண்ணுவது பிடிக்கும்.

எல்லாரும் முழுதாகத் தேறுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. சேதம் எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. முதல் சில மாதங்களில் மாற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆனால் மெதுவான மாற்றமும் மாற்றம்தான் என்று பாட்டியிடம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. "சட்டையெல்லாம் கொழம்பு ஆவுமே, நீயா தொவைக்கப்போற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாத்தாதான் பதில் சொன்னார், வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன: "பழைய மரத்துல... மொதல்ல... எல்லாம் காயந்தான்."

பாட்டி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரண்டியைத் தட்டில் வைத்துத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மேசையில் விரிக்க ஏதாவது இருக்கிறதா என்று தேடியபோது கையில் கிடைத்தது போன வாரத்து ஞாயிறு இணைப்பு. என் பக்கம் மேலே இருந்தது. முதல் வாய்ச் சோறு அதன்மேல்தான் விழுந்தது.